இத்ரூஸ் நானாவின் ஆட்டு ரத்தம்

2025 பெப்ரவரி 3, திங்கள்

ஆய்வுக்கூடத்தில் ஆட்டு ரத்தம் தீர்ந்துவிட்டது. ரத்தம் கலந்த தட்டில்தான் என் பற்றீரியாவை வளர்க்க வேண்டும். அது நஞ்சு விட்டால் ரத்தம் கரைந்து, சுற்றிலும் தெளிந்த வளையம் விழும். பழைய தட்டு ஒன்றுதான் மிச்சம். பலாபத்வலையில் ஆடு வளர்க்கும் இத்ரூஸ் நானாவிடம் கேட்டேன். "ரெண்டு சிரிஞ்ச் தானே தங்கச்சி, எடுங்க." நானே எடுத்தேன்.

பெப்ரவரி 6, வியாழன்

வளையம் இல்லை. இல்லவே இல்லை.

பழைய தட்டில் சாதாரண பற்றீரியா: வளையம். புதுத் தட்டில், ஒரு சிறு ஆர்.என்.ஏ.வை நான் நீக்கிய பற்றீரியா: வளர்ந்திருக்கிறது, வளையம் இல்லை. அப்படியானால் நஞ்சு விடச் சொல்வது அந்த ஆர்.என்.ஏ.தான். மூன்று வருடமாக நான் சொல்லிவந்தது. என் ஆய்வை மேற்பார்வை செய்யும் மேடம் மாநாட்டுக்கு ஆய்வுச் சுருக்கம் அனுப்பச் சொன்னார். அனுப்பிவிட்டேன்.

கட்டாரில் வேலை செய்யும் என் கணவர் ஹுஸ்னிக்குப் போன் எடுத்தேன். "நல்லம், நல்லம். பஸ் வந்துட்டுது, பொறகு எடுக்கிறேன்."

உக்குவளையில் இந்த வீட்டில் நான் மட்டும். சந்தோஷத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பெப்ரவரி 7

ஹுஸ்னி திரும்ப எடுக்கவில்லை.

பெப்ரவரி 11, செவ்வாய்

இரண்டு பற்றீரியாவையும் புதுத் தட்டிலேயே வைத்தேன். சாதாரணத்துக்கும் வளையம் இல்லை. பிழை ரத்தத்தில்.

முதல் தடவையே இரண்டையும் ஒரே ரத்தத்தில் வைத்திருக்க வேண்டும். முதல் வருடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்கு ஏன்— ஆசை. வேறென்ன.

பெப்ரவரி 12, போயா (பௌர்ணமி) விடுமுறை

பலாபத்வலைக்குப் போய், ஆட்டுக்கு மருந்து ஏதும் கொடுத்ததா என்று கேட்டேன். இத்ரூஸ் நானா தலை நிமிரவில்லை. "ஆட்டுக்குக் கால் வீங்கியிருந்திச்சு. நீங்க ரத்தம் எடுக்க முந்தின நாள்தான் அன்டிபயோட்டிக் ஊசி போட்டது. நீங்க இவ்வளவு தூரம் வந்து நிக்கக்குள்ள இல்லண்டு சொல்ல மனசு வரல்ல."

ரத்தத்தில் அந்த மருந்து கொஞ்சம். பற்றீரியாவைக் கொல்லக் காணாது, நஞ்சு செய்யவிடாமல் தடுக்கக் காணும். கோபத்தோடுதான் போனேன். தேத்தண்ணி தந்தார்கள், குடித்துவிட்டு வந்தேன். வேறு ஆட்டில் கொஞ்சம் எடுத்துக்கொண்டேன்.

பெப்ரவரி 20, வியாழன்

புது ஆட்டின் ரத்தத்தில் இரண்டுக்கும் வளையம். ஒரே அளவு. நஞ்சுக்கும் என் ஆர்.என்.ஏ.வுக்கும் சம்பந்தமே இல்லை. சுருக்கத்தைத் திரும்பப் பெறுவதாக மாநாட்டுக்கு எழுதிவிட்டேன். மேடம் "சரி" என்று மட்டும் பதில் போட்டிருந்தார்.

பின்னேரம் இத்ரூஸ் நானா போன் எடுத்தார்.

"என்ன தங்கச்சி முடிவு? இந்தத் தரம் ரத்தத்தில பிழ ஒண்டும் இல்லயே?"

"இல்ல நானா. ரத்தம் நல்லம்."

"அல்ஹம்துலில்லாஹ். ஒரு கெழமையா இதே யோசனைதான்."

போனை வைத்த பிறகு அழுதேன். மூன்று வருடத்தில் முடிவு என்னவென்று போன் எடுத்துக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.