குளவி வளைவில் நாம் சொல்லாமல் விட்டது

மதினி,

இன்று வெள்ளிக்கிழமை. தோட்டத்து லயத்தில் அடுத்த வீட்டுக் காம்பராவில் சாம்பிராணி போட்டார்கள். நடுச்சுவருக்கு மேலே திறந்துதானே கிடக்கிறது, புகை கூரையோடு தவழ்ந்து என் அடுப்படிக்கு வந்துவிட்டது. ரொட்டி தட்டிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. ஒரு விரதம் விட்டவள் இல்லை நான். ஆனாலும் அந்த வாசம் வந்தால் முதலில் உடம்பு குனிகிறது, தலையை மூடத் துணி தேடுகிறது. அப்புறம்தான் சாமி நினைவு வருகிறது. நீங்கள் போய் ஒன்பது மாதம் ஆகியும் இது மாறவில்லை.

அண்ணன் இறந்த பிறகு கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, மலையேற வருகிற பயணிகளுக்கு வழி காட்டப் போவதாக நீங்கள் சொன்னபோது லயமே சிரித்தது. "இருபது வருசமா கூடையைத் தூக்கிக்கிட்டு ஏறுனேன், இப்ப வெறும் முதுகோட ஏறப் போறேன். இதுல என்ன சிரிப்பு?" என்றீர்கள். ஹட்டனில் இருந்து ஒரு சின்னக் கம்பனி ஆட்களை அனுப்பியது. தேயிலை மலைகளுக்குள் நடந்து, காட்டு ஓரத்தைக் கடந்து, பாறை முகட்டில் ஏறி, கயிற்றைப் பிடித்து மறுபக்கம் இறங்குகிற பாதை. நீங்கள் முன்னால். நான் சோற்றுப் பொதிகளோடு கடைசியில்.

அடுப்படியைத் தவிர வேறு வேலைக்குப் போகாத என்னை நீங்கள் இழுத்தது என் கொப்பிக்காகத்தான். ஐந்தாம் வகுப்போடு நின்றவள், கோயில் புத்தகத்தையும் கடையில் சாமான் சுற்றித் தரும் பேப்பரையும் எழுத்துக் கூட்டி வாசித்தே எழுதப் பழகியவள். எதையும் எழுதி வைக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. யாருக்கு மூச்சிரைப்பு, யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, எந்த இடத்தை எத்தனை மணிக்குத் தாண்டினோம், எத்தனை தலை, எல்லாம் அதில் இருக்கும். ஒவ்வொரு திருப்பத்திலும் எண்ணுவேன். "கடைசி ஆள் கடைசியிலதான் வரணும் நாத்தனாரே. ஒன்னுக்கு வந்தாலும் எல்லாரையும் நிப்பாட்டிட்டுப் போ" என்பீர்கள்.

புறப்படும்போது ஆளுக்கொரு படங்கு கொடுப்பீர்கள். கொழுந்தெடுக்கிறவர்கள் ஈரம் படாமல் இடுப்பில் கட்டுகிற அதே தடித்த சீலைதான். ஒரு வெள்ளைக்காரர் அதைச் சாரம் மாதிரி கட்டிக்கொண்டு ஆடினார். நீங்களும் சிரித்தீர்கள். சிரித்து முடித்துவிட்டு, தலையை மூடு, குனி, தண்ணீர் ஓடுகிற கானுக்குள் இறங்கு, கையை வீசாதே, கத்தாதே என்று அவரையே மூன்று தரம் செய்ய வைத்தீர்கள். குளவி கொட்டி எத்தனை பேரைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறோம் என்று அவருக்குத் தெரியாது. நமக்குத் தெரியும்.

அந்த வியாழக்கிழமை பின்னேரம் பாதையைப் பார்த்துவிட்டு வந்தீர்கள். ஒவ்வொரு நடைக்கும் முதல் நாள் போய்ப் பார்ப்பது உங்கள் வழக்கம். கதவடியில் நின்றே சொன்னீர்கள்.

"பத்தாம் நம்பர் மலையில, முனியாண்டி மரத்துல குளவி கூடு வச்சிருக்கு. பானை அளவு. தோட்டத்து ஆபீஸ்ல சொல்லிட்டேன், எடுக்க ஆள் வர ரெண்டு நாள் ஆகுமாம். பாதைக்கும் மரத்துக்கும் அறுபது அடி இருக்கு, நாமளா கிளப்பாட்டி அதுவா வராது. நாளைக்கு அங்க இருக்க வளைவுல பேசாம கடந்துருவோம். மரத்தடி முனி கல்லுகிட்ட யாரும் போக வேணாம்."

"கும்பிடாம எப்படி மதினி ஏறுறது? வெள்ளிக்கிழமை வேற."

"வளைவுல நின்னு மனசுல கும்புடு. புகை கிகைன்னு கிளம்பிடாத. முனியும் அந்த மரத்தடியிலதான் இருக்காரு. குளவி அவரையும் கொட்டும்."

உங்களோடு சேர்ந்து நானும் சிரித்தேன். மனம் சிரிக்கவில்லை. நாம் ஒரு தடவைகூட அந்தக் கல்லுக்குச் சாம்பிராணி போடாமல் ஏறியதில்லை. ஒரு தடவைகூட ஒருவரும் விழுந்ததில்லை. இரண்டையும் நான் சேர்த்தே பார்த்துவந்தேன். முகட்டில் ஆட்களை இறக்குவது பாதி உங்கள் கயிறு, பாதி என் சாம்பிராணி. நாளைக்கு ஒன்பது பேர் வருகிறார்கள், பாதிக் காவலோடு எப்படி அனுப்புவது?

விடிந்ததும் போனேன். சிரட்டையில் தணல், மடியில் சாம்பிராணி. பனி இறங்கி, கிட்டப் போகும்வரை மரமே தெரியவில்லை. நனைந்த சாக்கு மாதிரி கூடு தொங்கியது. ஒரு குளவி அசையவில்லை. குளிரில் அவை விறைத்துக் கிடக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. முனி அடக்கி வைத்திருக்கிறார் என்றுதான் தோன்றியது. ஒன்பது பேரையும் உங்களையும் சொல்லிக் கும்பிட்டேன். எப்போதும் தணலை மண் போட்டு மூடிவிட்டுத்தான் வருவேன். அன்று சோறு கட்ட நேரமாகிவிட்டதென்று அப்படியே விட்டுவிட்டு இறங்கினேன்.

பத்து மணிக்கு வளைவுக்கு வந்தோம். வெயில் நன்றாக ஏறியிருந்தது. நீங்கள் வாயில் விரலை வைத்துக் காட்டிவிட்டு முன்னால் போனீர்கள். காற்று திரும்பியது. சாம்பிராணி வாசம்.

மரத்தடியில் இருந்து வெள்ளையாக ஒரு கோடு எழும்பி நேரே கிளைக்குள் போய்க்கொண்டிருந்தது. சருகு பற்றிவிட்டது. நம்மிடம் ஒரு ஒழுங்கு இருந்ததே, முன்னால் போகிறவரோ கடைசி ஆளோ யார் 'நில்லு' என்றாலும் எல்லோரும் நிற்க வேண்டும், திரும்பிப் போக வேண்டும். அந்த ஒரு சொல் என் தொண்டை வரைக்கும் வந்தது. சொன்னால் ஏன் என்று தெரிந்துவிடும். அத்தனை பேருக்கு முன்னால், உங்களுக்கு முன்னால். உங்கள் பக்கத்தில் போய்க் காதில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். ஆட்களை ஒவ்வொருவராக ஒதுக்கிக்கொண்டு வேகமாக முன்னால் நடந்தேன். இருபது அடி நடந்திருப்பேன். கடைசியில் ஆள் இல்லாமல் போனது.

உங்களை எட்டுவதற்கு முன்பே சத்தம் கேட்டது. தூரத்தில் லொறி ஏற்றம் ஏறுவது மாதிரி.

நீங்கள் கத்தவில்லை. "படங்கு" என்று தமிழிலும் சிங்களத்திலும் ஒரே குரலில் சொன்னீர்கள். புறப்படும்போது சிரித்துச் சிரித்துப் பழகிய வேலையை எல்லோரும் சிரிக்காமல் செய்தார்கள். கானுக்குள் இறங்கி, குனிந்தபடியே, மரத்துக்கு எதிர்ப்பக்கமாக நகர்ந்தோம். என் புறங்கையில் நெருப்பு வைத்த மாதிரி இரண்டு இடம். தேயிலை முடிந்து பாலம் வந்ததும் எண்ணினேன். எட்டு. மறுபடி எண்ணினேன். எட்டு. கொழும்பிலிருந்து மனைவியோடு வந்திருந்த வயசான சிங்களவரை, நாம் மாத்தயா என்று கூப்பிட்டவரைக் காணவில்லை. அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். சொன்னது பாதிதான் விளங்கியது. புகையைப் படம் பிடிக்கிறேன் என்று அவர் கல்லைப் பார்த்துப் போனாராம்.

நீங்கள் என் படங்கையும் வாங்கிக்கொண்டு, "இவங்களை அசைய விடாத" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்த வழியே ஏறினீர்கள்.

எவ்வளவு நேரம் என்று என் கொப்பியில் இல்லை. அன்று நேரம் எழுதவில்லை. முருகா என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. நான் மூட்டிய தணலை அணைத்துத் தா என்று எந்த முகத்தோடு கேட்பது? எட்டுப் பேரையே திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டு நின்றேன். அந்த அம்மா அழாமல் என் விரல்களை நெரித்தார். தேயிலைக்கு மேலே அந்தச் சத்தம் கூடுவதும் குறைவதுமாக இருந்தது. குறையும்போதுதான் அதிகம் பயந்தேன்.

பிறகு கானுக்குள் இருந்து நான்கு கால்கள் வந்தன. இரண்டு படங்கையும் அவர் மேல்தான் போர்த்தியிருந்தீர்கள். உங்கள் தலையில் சேலை முந்தானை மட்டும்.

கொழுந்து லொறியில் ஏற்றித்தான் இரண்டு பேரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். அவர் இரண்டு நாளில் நடந்து வீட்டுக்குப் போனார். நீங்கள் பதினோரு நாள் கிடந்தீர்கள்.

நான்காம் நாள் கம்பனி முகாமையாளர் கேட்டதால் நடந்ததை எழுதிக்கொண்டு வந்தேன். நீங்கள் கண்ணைத் திறக்க முடியாமல் வாசிக்கச் சொன்னீர்கள். வாசித்தேன்: வெயில் ஏறியதால் குளவி கலைந்தது, ஒரு பயணி பாதையை விட்டு விலகிப் போனார்.

"வேற ஒன்னும் இல்லியா?"

இல்லை என்றேன். 

"சாம்பிராணி வாசம் எனக்கும் வந்துச்சு."

நான் தரையைப் பார்த்தேன். என்னை ஏசப் போகிறீர்கள் என்று இருந்தேன். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"வந்த உடனே தெரிஞ்சு போச்சு, இந்த மலையில வேற யாரு இருக்கா. நில்லுன்னு சொல்ல வாய் வந்துச்சு. அத்தனை ஆளுக்கு முன்னால உன்னைய எப்படிக் கேக்குறது, வளைவைத் தாண்டிட்டுக் கேட்டுக்கலாம்னு நடந்துட்டேன். நீ புகை போட்டதையும் எழுது. நான் நிக்காததையும் எழுது."

"உங்களை எழுத மாட்டேன் மதினி."

"அப்ப அடுத்த தடவையும் இப்படித்தான் நடக்கும். எழுது."

எழுதினேன். என்னுடையது ஒரு வரி, உங்களுடையது ஒரு வரி. முகாமையாளர் இரண்டையும் எடுத்துவிடலாம் என்றார், குளவி கலைவது இயற்கைதானே, படித்தால் ஆட்கள் வரப் பயப்படுவார்கள் என்றார். நீங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. நான்கு மாதம் ஆள் அனுப்பாமல் இருந்தார், பிறகு அனுப்பினார். அதன் பிறகு ஒவ்வொரு நடைக்கும் முன்னால் வந்தவர்களிடம் நம் வரியை நாமே வாசித்தோம், உங்களுடையதை நீங்கள், என்னுடையதை நான். கல்லுக்குப் பூவும் தண்ணீரும் கொண்டு போனேன். முனி கோபித்த மாதிரி தெரியவில்லை.

மூன்று வருசம் கழித்துச் சிறுநீரகம் போய்விட்டது என்றார்கள். அந்த விஷத்தாலா என்று டாக்டரிடம் கேட்டேன். இல்லை, ரத்தத்தில் சீனி கூடிய பழைய வருத்தம்தான் காரணம் என்றார். அடுத்த கிழமை போய்த் திரும்பவும் கேட்டேன். அதையேதான் சொன்னார்.

உங்கள் செத்த வீட்டில் எல்லோரும் அந்த மாத்தயாவைக் கொண்டுவந்த கதையையே சொன்னார்கள். எட்டாம் நாள் காரியத்தில் உங்கள் மகன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அத்தை, அம்மா நிக்காததை இனிச் சொல்ல வேணாம். காப்பாத்தினதை மட்டும் சொல்லுங்க" என்றான். பிள்ளை கேட்டதில் என்ன பிழை? சரி என்று தலையாட்டினேன்.

இப்போது முன்னால் போவது நான். நீங்கள் இல்லாத முதல் நடையில் என் வரியை மட்டும் வாசித்தேன். நீங்கள் காப்பாற்றியதைச் சொன்னேன். எல்லோரும் கைதட்டினார்கள். நடையும் நல்லபடியாக முடிந்தது. கீழே இறங்கித் தேத்தண்ணீர் கொடுக்கும்போது கண்டியில் இருந்து வந்த ஒரு டீச்சர் அம்மா கிளாஸைப் பிடிக்க முடியாமல் நடுங்கினார். கேட்டால், முகட்டுக்கு ஏறும்போதே நெஞ்சு அடைத்ததாம். கயிற்றில் இறங்கும்போது இடது கை மரத்துப் போனதாம்.

"ஏன் டீச்சர் சொல்லலை?"

"எனக்காக எல்லாரும் நிக்கணுமேன்னு கூச்சமா இருந்துச்சுங்க."

அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். பிழைத்துக்கொண்டார். அன்று லயத்துக்கு வந்து சாமி படத்துக்கு முன்னால் விளக்கேற்றாமலே உட்கார்ந்திருந்தேன். பயணிகளுக்கு என் வரி எதற்கு மதினி? அவர்கள் யாரும் சாம்பிராணி கொண்டு வருவதில்லை. கூச்சத்தைத்தான் கொண்டு வருகிறார்கள். உங்கள் வரி அவர்களுக்குத்தான்.

உங்கள் மகனுக்குப் போனில் கோல் எடுத்துச் சொன்னேன், தலையாட்டியதை மீறப் போகிறேன் என்று. நான் சொல்லி முடித்ததும் போனை வைத்துவிட்டான். அடுத்த நடையில் இரண்டையும் வாசித்தேன். அன்றிலிருந்து வாசிக்கிறேன். ஷூ கடிக்கிறது, தலை சுற்றுகிறது என்று யாராவது நிறுத்தாமல் இப்போது ஒரு நடையும் போவதில்லை. சில நாள் மழைக்கு முன்னால் முகட்டுக்குப் போய்ச் சேர முடியாமல் பாதியில் திரும்புகிறோம்.

என் வரியை வாசிக்க நாக்குப் பழகிவிட்டது. உங்களுடையதற்குத்தான் ஒவ்வொரு தடவையும் மூச்சை இழுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.