நாற்பது கப் பெர்கலேட்டர்

செங்கம் ரோடு,
திருவண்ணாமலை.

ஜாஹிராவின் அப்பாவுக்கு ஜீனத் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் ஜாஹிராவும் உங்கள் அம்மாவும் சுகம். உங்கள் உடம்பையும் அல்லாஹ் சுகமாக வைத்திருக்க வேண்டும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பீர்கள். அங்கே நீங்கள் பேசினால் ரூம் முழுக்கக் கேட்கிறது. இங்கே உங்கள் அம்மா என் தோளை ஒட்டியே நிற்கிறார். அதனால்தான் லீவு முடிந்து சவுதிக்கு, தம்மாம் திரும்பும் ஜானி பாஷா அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். தனியாக இருக்கும்போது படியுங்கள்.

நீங்கள் கார்கோவில் போட்ட நாற்பது கப் காபி போடுகிற பெர்கலேட்டர் வந்து சேர்ந்தது. ஆபீஸில் புது மிஷின் வாங்கியதால் பழையதை மேனேஜர் உங்களுக்கே கொடுத்துவிட்டார் என்றீர்கள். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதுதான். நான் மூடியைத் திறந்து பார்த்துவிட்டேன். உள்ளே சுற்றிலும் கறுப்புக் கறை, தொட்டால் பிசுக்கென்று ஒட்டுகிறது. காறிப்போன எண்ணெய் வாடை. புளி போட்டுத் தேய்த்தேன், சோடா உப்புப் போட்டு ஊறவைத்தேன். சாப்பிட உட்கார்ந்தால் விரலில் அந்த வாடைதான். சோற்றை அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

அது காபி போடுகிற லட்சணத்தைச் சொல்கிறேன். கொதிக்கிற தண்ணீர் நடுக்குழாய் வழியாக மேலே ஏறிப் பொடிக் கூடையில் விழுகிறது. வடிந்தது கீழே இறங்கி மறுபடி கொதிக்கிறது, மறுபடி ஏறுகிறது. எச்சில் தண்ணீரையே திரும்பத் திரும்பக் குடிப்பது மாதிரி. நம் ஃபில்டர் பொடியைத்தான் போட்டேன். பாதிப் பொடி கூடை ஓட்டை வழியாக இறங்கிச் சேறாகிவிட்டது. ஜாஹிரா ஒரு வாய் குடித்துவிட்டு, "இன்னாம்மா இது, பாத்திரம் கழுவின தண்ணியா" என்று கேட்டாள்.

முன்ரூமில் கடை போடு, ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்களுக்கு இந்தக் காபிதான் உயிர், இன்னும் இரண்டு வருஷம் கான்ட்ராக்ட் போட்டுவிட்டு நானும் வந்துவிடுகிறேன் என்றீர்கள். உங்கள் பேச்சுக்காகப் பௌர்ணமியன்று வாசலில் மேஜை போட்டேன். கிரிவலம் போன ஒருவர் வாங்கி, ரோட்டோரமாகத் துப்பிவிட்டு, கஷாயம் என்று முதலிலேயே சொல்லக் கூடாதா என்று கேட்டார். எதிர் லாட்ஜ் வெள்ளைக்காரம்மா ரொம்ப நன்றி சொல்லி வாங்கிப் போய், முழுக் கப்பையும் செம்பருத்திச் செடிக்கு ஊற்றினார். செடி பிழைக்குமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நான் போனில் திட்டினேன். அன்று நீங்கள் சொன்னது நினைவிருக்கிறதா? கொரகொரப்பாக அரைத்த பொடிதான் போட வேண்டும் என்றீர்கள். குழாயைத் தினமும் சின்ன பிரஷ் விட்டுக் கழுவு என்றீர்கள். மிஷினில் விளக்கு எரிந்ததும் கூடையை எடுத்துவிடு, இல்லாவிட்டால் கசந்துவிடும், பெரிய முதலாளி கப்பை அப்படியே திருப்பி அனுப்பிவிடுவார் என்றீர்கள். மளமளவென்று பேசிக்கொண்டிருந்தவர் அந்த இடத்தில் நிறுத்தினீர்கள். உடனே பெருநாள் துணி எடுத்தாயா என்று கேட்டீர்கள்.

ஸ்டோர் சூபர்வைசர் வேலை என்றுதானே இத்தனை நாளும் சொன்னீர்கள். சூபர்வைசருக்கு யாராவது கப்பைத் திருப்பி அனுப்புவார்களா?

காபி போடுவது கேவலம் இல்லை. என் அப்பா பஸ் ஸ்டாண்டில் டீ ஆற்றித்தான் என்னை உங்களுக்குக் கட்டிக்கொடுத்தார். அது தெரிந்தும் என்னிடமே மறைத்தீர்கள் பாருங்கள், அதுதான் அந்தக் கறையைவிட எனக்கு அருவருப்பாக இருக்கிறது. இந்த வீட்டில் தண்ணீர்ச் சொம்பைக்கூட நீங்களாக எடுத்ததில்லை. அங்கே இத்தனை வருஷமாக யாரோ முகம் சுளிக்கிறானா என்று பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறீர்கள். நினைத்தால் அழுகை வருகிறது.

நான் யாரிடமும் சொல்லவில்லை. நேற்றுகூட உங்கள் அம்மா பக்கத்து வீட்டு வித்யாலக்ஷ்மியிடம், என் மகனுக்குக் கீழே பத்துப் பேர் வேலை செய்கிறார்கள் என்றார். நானும் தலையாட்டினேன். வேண்டுமானால் ஆயுசுக்கும் ஆட்டுகிறேன். அந்தப் பாத்திரம் மொட்டை மாடியில் கவிழ்ந்து கிடக்கிறது, காக்காகூட அதன்மேல் உட்காருவதில்லை. கடை போடுவோம், ஆனால் டீயும் நம் பால் காபியும் போதும். உங்களுக்கு வேலை தெரியும் என்றுதான் இப்போது எனக்குத் தெரிந்துவிட்டதே.

இந்த மாதக் கடைசியில் கான்ட்ராக்டில் கையெழுத்துக் கேட்பார்கள் என்றீர்கள். போட்டுவிட்டால் எனக்குச் சொல்லாதீர்கள், என்னால் கேட்க முடியாது. போடவில்லை என்றால் மட்டும் கூப்பிட்டு, வருகிற தேதியைச் சொல்லுங்கள். நானே ஏர்போர்ட்டுக்கு வந்து நிற்கிறேன்.

உங்கள் கை காலுக்கு அல்லாஹ் பலம் தரட்டும். இனி யார் முன்னாலும் நீங்கள் தலை குனிந்து நிற்காமல் அவன் பார்த்துக்கொள்ளட்டும். என் முன்னாலும்தான்.

உங்கள்
ஜீனத்