ஆடியில் மட்டும் அப்டேட்

என் தங்கையைக் கட்டிய பாவத்துக்கு என் கடையையும் சேர்த்துச் சுமந்த மாப்பிள்ளை காசிக்கு,

அங்கே கரண்ட் ஒழுங்காக இருக்கிறதா? நம் கம்பம் ஊரில் இன்னும் சொல்லாமல்தான் போகிறது, சொல்லாமல்தான் வருகிறது. கல்யாணப் பத்திரிகை அடிக்கும் நம் கடைக்குப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறேன். அதை இயக்க எந்த வகை லினக்ஸை ஏற்றுவது என்று மூன்று நாளாக யோசனை. நீ இருந்திருந்தால் இந்நேரம் ஒரு சட்டையாவது கிழிந்திருக்கும்.

சாதிக்கும் கட்சிக்கும் ஊரே அடித்துக்கொண்டபோது நாம் சும்மா இருந்தோம். நமக்கு லினக்ஸ் போதுமானதாக இருந்தது. உன்னுடையது எல்லாவற்றையும் சோதித்து முடித்த பிறகே அடுத்த பதிப்பை வெளியிடும். அதுவரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வரும். என்னுடையது ஆறு மாதத்துக்கு ஒன்று. உன்னுடையதில் புதுப் பிரிண்டர் ஓடாது. என்னுடையதில் ஓடும், ஆனால் நேற்று ஓடியது இன்று ஓடும் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது.

"ஓடுற வண்டியில டயரக் கழட்டுறீக மச்சான்" என்றாய்.

"நீ ஓடாத வண்டியத் தொடச்சுக்கிட்டே இரு மாப்ள" என்றேன்.

வாதம் தீர்ந்துபோனதால் மவுஸை எறிந்தாய். நான் ஸ்டேப்ளரைத் தேர்ந்தெடுத்தேன். என் புருவத்தில் மூன்று தையல், உன் காதில் இரண்டு. ஆஸ்பத்திரிக்கு ஒரே பைக்கில்தான் போனோம்.

திரும்பி வரும்போது சமாதானம் ஆனது. உன் லினக்ஸே இருக்கட்டும், ஆனால் வருடத்துக்கு இரண்டு முறை, கல்யாணம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும், புதியவற்றை ஏற்றிப் பார்க்கலாம். பஞ்சாங்கம் பார்த்து அப்டேட் செய்த கடை பூமியிலேயே நம்முடையதாகத்தான் இருக்கும். அந்த உடன்படிக்கையை நான் வைகாசியில் மீறினேன். அது உனக்குத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரியட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கடமலைக்குண்டு மாயாண்டியின் அக்காள் மகள் கல்யாணம். பெண் வீட்டார் பத்திரிகையைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். நீ சாப்பிடப் போனாய். இன்னும் சோதனையில் இருந்த புதுப் பதிப்பில் தமிழ் எழுத்து அழகாக விழும் என்று எங்கோ படித்திருந்தேன். ஏற்றினேன். அழகாகத்தான் விழுந்தது. வரிகளின் இடைவெளி கொஞ்சம் கூடியதில் கடைசி வரி அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது. நான் முதல் பக்கத்தை மட்டும் எண்ணூறு பிரதி அடித்தேன். கடைசி வரியில்தான் தாய்மாமன் பெயர் இருந்தது.

தாய்மாமன் பெயர் விட்டுப்போன பத்திரிகையை நம் பக்கத்தில் அழைப்பு என்று யாரும் சொல்வதில்லை. பத்திரிகை கொடுத்து முடித்த மறுநாள் மாயாண்டி அருவாளோடு கடைக்கு வந்தார்.

"ஏலே, பொண்ணுக்கு மாமன் செத்துட்டானா? ஊரெல்லாம் துட்டி கேக்குறாக! எவன்டா அடிச்சது?"

"நான்தாண்ணே" என்றாய், யோசிக்கக்கூட இல்லாமல்.

நான் அப்போது பிரிண்டருக்குப் பின்னால் இருந்தேன். தாள் எடுக்கப் போயிருந்தேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிவந்தேன். முதல் வெட்டு மானிட்டருக்கு. கண்ணாடி வெடித்துக் கூரை வரை தெறித்தது. இரண்டாவது வெட்டு கீபோர்டுக்குத்தான். அதன்மேல் உன் வலது கை இருந்தது. இரண்டு விரல்கள் தரையில் கிடந்தன. மாயாண்டியே தன் துண்டால் உன் கையைக் கட்டி, தன் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார். நான் இடம் போதாது என்று பின்னால் பஸ்ஸில் வந்தேன்.

அதன்பிறகு என் தங்கை செல்வி உனக்குச் சோறு போட்டபோதெல்லாம் "ஒரு பேர ஒழுங்கா அடிக்கத் துப்பில்ல" என்று ஏசினாள். நீ மூன்று விரலால் பிசைந்து சாப்பிட்டாய். நான் எதிரே உட்கார்ந்து பத்து விரலோடு சாப்பிட்டேன். ரசம் நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொன்னேன். மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோகும் வரை இது நடந்தது. ஏன் ஒருமுறைகூட என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை?

போன ஞாயிற்றுக்கிழமை செல்வியிடம் சொல்லிவிட்டேன். சப்பாத்திக் கட்டையை எடுத்தாள். தோளில் அடித்தாள், முதுகில் அடித்தாள். தடுத்த கையிலும் விழுந்தது. உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். கட்டை உடைந்த பிறகுதான் உட்கார்ந்தாள்.

"அவுக சோத்துல கை வைக்கையிலெல்லாம் ஏசுனேனேண்ணே. அந்தக் கையப் பாத்துக்கிட்டேல்ல நீயும் தின்ன?"

இதற்குப் பதில் உன்னிடம் இருந்தால் அவள் கனவில் போய்ச் சொல். என் கனவுக்கு வர வேண்டாம்.

புதுக் கம்ப்யூட்டரில் உன் லினக்ஸையே ஏற்றிவிட்டேன். பாதுகாப்புத் திருத்தம் தவிர எதையும் ஆடி பிறக்கும் முன் தொட மாட்டேன். நாளை கடமலைக்குண்டு போகிறேன். இந்தக் கடிதத்தை மாயாண்டி முன்னால் நின்று நானே வாசிப்பேன். முடிக்கும் வரை, அவர் முன்னால் நீட்டிய கையை மடக்க மாட்டேன். இது சத்தியம்.

இப்போதைக்கு விரல் பத்தும் உள்ள
உன் மச்சான்