அந்தக் காப்பீட்டை விட்டுவிடாதீர்கள்

அன்புள்ள டெல்பர்ட்,

நான் நலம். உங்கள் இருமல் எப்படி இருக்கிறது? சுரங்கத் தூசி குளிரில்தான் படுத்தும். மார்பை மூடிக்கொண்டு படுங்கள்.

உங்கள் ஊனத் தொகையில் பிடிக்கிற அரசாங்க மருத்துவக் காப்பீட்டை விட்டுவிடலாம், என் வேலையில் தரும் காப்பீடே இருவருக்கும் போதும், மிச்சப் பணத்தில் நான் கிறிஸ்துமஸுக்குக் கென்டக்கி வந்து போகலாம் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் தம்பி கர்டிஸ் சொன்ன யோசனையாமே.

உடனே நான் வேலை செய்யும் எண்ணெய்க் கிணற்று முகாமின் அலுவலகத்துக்குப் போனேன். வழியில் பனியில் சறுக்கியதில் மணிக்கட்டு கொஞ்சம் வீங்கியிருக்கிறது. எழுத்து கோணலாக இருப்பது அதனால்தான், வேறொன்றுமில்லை.

அங்கே காப்பீட்டுக் கணக்கு பார்க்கிற ஷாவ்னா சிரித்தாள். "பாட்டி, நம்ம கம்பெனியில நூறு பேர்கூட இல்ல. அதனால சட்டப்படி தாத்தா பில்லை அரசாங்கக் காப்பீடுதான் முதல்ல கட்டணும், மிச்சத்தைத்தான் நாங்க கட்டுவோம். அதை விட்டுட்டா தாத்தாவோட ஆஸ்பத்திரி பில்லை யாரு தலையில கட்டுவீங்க?"

"என் கொழுந்தன் தலையிலதான்" என்றேன்.

"இங்கல்லாம் வெள்ளம் வராது அண்ணி" என்று சொல்லி வீட்டுக் காப்பீட்டை நிறுத்த வைத்தவனும் அவன்தானே? மறுவசந்தமே சமையலறைச் சுவரில் சேற்றுக்கோடு. நான் மறக்கவில்லை.

இங்கே சோள ரொட்டியில் சர்க்கரை போடுகிறார்கள். சாப்பிடவே பிடிக்கவில்லை. என் இரும்புச் சட்டியைத் தபாலில் அனுப்பிவிடுங்கள். கிறிஸ்துமஸுக்கு வந்து நானே எடுத்துக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

அடுப்பில் அவரைக்கொட்டை பொங்குகிறது.

உங்கள் ஓர்லீன்