பிளீச்சிங் பவுடரில் ஊறிய விதைநெல்

12 ஜூன் 2020, வெள்ளி

பட்டு, மேட்டூரைத் திறந்துவிட்டார்கள். டிவியில் பார்த்தேன். எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் சொன்ன தேதியில் தண்ணீர். எனக்குக் கை காலெல்லாம் பரபரக்கிறது. ஐந்தாவதோடு நின்ற அம்மாவின் கையெழுத்து, திருத்தாமல் படி.

உன் பேருக்கு அப்பா எழுதி வைத்த வயல் இந்த வருஷம் சும்மா கிடக்கிறது. சென்னையில் மகன் வீட்டுக்குப் போன குத்தகைக்காரர் ஊரடங்கில் மாட்டிக்கொண்டார். நாமே போட்டால் என்ன என்று அப்பாவிடம் கேட்டேன். "காலம் பூரா பஸ்ஸுல டிக்கெட் கிழிச்சவனுக்கு வயலைப் பத்தி என்ன தெரியும்?" என்றார். எனக்குத் தெரியும் என்றேன்.

நீ போனதிலிருந்து அவர் அந்த வரப்பை மிதித்ததில்லை. உன் பேரையும் சொல்வதில்லை. அவர் முன்னால் நானும் சொல்வதில்லை.

14 ஜூன்

இன்றைக்கும் வயல் பேச்சை எடுத்தால் எதையாவது கழுவப் போய்விடுகிறார். பால் பாக்கெட்டுக்கு சோப்பு. கறிவேப்பிலைக்குக் குளியல். உன்னைக் காய்ச்சல் கொண்டுபோனதிலிருந்து இந்த மனுஷனுக்குக் கிருமி என்றாலே நடுக்கம். இப்போது ஊரே அப்படி ஆகிவிட்டது.

16 ஜூன்

விதை வாங்கி வந்துவிட்டார், பட்டு. நான் வாங்கச் சொல்லவில்லை, அவராகவே. சைக்கிளில் திருக்காட்டுப்பள்ளி போய், கடையிலிருந்த கடைசி மூட்டை. "சும்மாதானே கெடக்குன்னு" என்றார், மூஞ்சியை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு.

17 ஜூன்

என்னத்தச் சொல்ல. விதையை ஊறப்போடுங்க என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் அண்டாவில் பிளீச்சிங் பவுடர் வாடை மூக்கைத் துளைக்கிறது.

"பத்துப் பேரு கை பட்ட நெல்லு. அப்படியே வீட்டுக்குள்ள விடச் சொல்றியா?"

விதைநெல்லுங்க அது, உசுரு இருக்குங்க அதுக்குள்ள — கத்திட்டேன்.

"எது உள்ள வந்து என்ன பண்ணும்னு எனக்குத் தெரியும் மங்களம்" என்றார், மெதுவாக. அதுக்கு மேல என்னால கத்த முடியல.

தண்ணீர் மாற்றி மாற்றி அலசினேன். வேறு விதை கிடையாது. கல்லணையும் திறந்தாச்சு. முளைக்கலைன்னா வயல் தரிசு. அதுகூடப் போகட்டும். முளைக்கலைன்னா இந்த மனுஷன் இனி அந்தப் பக்கம் திரும்பவே மாட்டார். ஏன் ஆசை காட்டினேன்?

18 ஜூன்

சாக்கில் கட்டி, வைக்கோல் போட்டு மூடியிருக்கிறேன். சோறு இறங்கவில்லை, இரண்டு பேருக்கும்.

20 ஜூன்

முளைத்துவிட்டது பட்டு, முளைத்துவிட்டது. சாக்கை அவிழ்த்தால் உள்ளே கதகதவென்று சூடு. நெல்லுக்கு நெல் வெள்ளையாக மூக்கு நீட்டிக்கொண்டு. அவர் கையை உள்ளே விட்டார். வெகு நேரம் எடுக்கவே இல்லை.

"பட்டு இருந்தா என்னைய ஓட்டித் தள்ளியிருப்பா" என்றார்.

உன் பேர். அவர் வாயில்.

"தெருப் பூரா சொல்லியிருப்பா" என்றேன். சிரித்துக்கொண்டே வயலுக்குத் தூக்கிப் போனோம். பாதி வழியில் நின்று துண்டால் முகத்தைத் துடைத்தார். வெயிலாம். அப்போதுதான் விடிந்திருந்தது.

14 ஜூலை

நடவு. நடவுக்காரி ராஜாத்தி ஆள் கூட்டி வந்திருந்தாள், எல்லாரும் முகக்கவசத்தோடு. "நாத்துக்கு நாத்து எடைவெளி பாத்தது போயி, இப்ப ஆளுக்கு ஆளு பாக்கணுமாம்க்கா" என்றாள். அப்பா வரப்பிலேயே நின்றார். அவள் விடவில்லை. "கண்டக்டரண்ணே, படியில நிக்காதீங்க, உள்ள எடம் இருக்கு, ஏறி வாங்க."

இறங்கிவிட்டார். முழங்கால் சேற்றில். நட்டது அத்தனையும் கோணல். ராஜாத்தி பின்னாலேயே போய்ப் பிடுங்கி நட்டாள். என் சந்தோஷத்தை எழுதத் தெரியவில்லை எனக்கு.

2 ஆகஸ்ட்

ஆடிப்பெருக்கு. ஞாயிறு ஊரடங்கு, ஆற்றுக்கு விடவில்லை. நம் வாய்க்காலிலேயே மஞ்சளும் காப்பரிசியும் வைத்துக் கும்பிட்டேன். பயிர் பச்சென்று நிற்கிறது.

11 அக்டோபர்

அறுப்பு முடிந்தது. நல்ல கண்டுமுதல். அடுத்த போகத்துக்கு என்ன போடுவது என்று காலையிலிருந்து சண்டை. அவர் சீரகச் சம்பா என்கிறார். அதில் விளைச்சல் குறைச்சல், வெள்ளைப் பொன்னிதான் என்கிறேன். "நானும் வெவசாயிதான்டி" என்று பக்கத்து வீடு கேட்கக் கத்துகிறார். இந்த வீட்டில் இப்படிச் சத்தம் கேட்டு எவ்வளவு நாளாயிற்று.

கடைசியில், "அவளயே கேளு. அவ எம்பக்கந்தான் பேசுவா" என்றார்.

சொல்லுடி பட்டு, நீ யார் பக்கம்?