மூன்று விண்ணப்பங்கள்

அன்புள்ள வாயாடிக்கு,

நலம்தானே? உன் மகள் வீட்டுப் பக்கம் குளிர் அதிகம் என்று நம் பள்ளி வேன் ஓட்டுநர் சொன்னார். முழங்காலுக்குக் கம்பளி உறை போட்டுக்கொள். வேலை போய் நீ ஊரைவிட்டுப் போன எட்டு மாதத்தில் ஒரு வரி எழுதாதவளுக்கு இன்று என்ன திடீர் அக்கறை என்று நீ உதட்டைச் சுழிப்பது தெரிகிறது. சுழித்துக்கொள்.

பள்ளி ஓடுகிறது. என்னால்தான் ஓட முடியவில்லை. ஐந்து சிறப்புப் பள்ளிகளுக்கு இயக்குநர் என்று கதவில் பலகை தொங்குகிறது. உள்ளே இருப்பவள் நாள் முழுக்கக் கையெழுத்துப் போடுகிறாள். வகுப்பெடுத்த காலத்தில் எந்தப் பிள்ளைக்கு எந்தச் சத்தம் ஆகாது என்பதுவரை தெரிந்திருந்தது. இப்போது தலைகளின் எண்ணிக்கை மட்டும்தான் தெரிகிறது.

போன செவ்வாய்க்கிழமை இரண்டு ஆசிரியைகள் வரவில்லை. வேறு வழியில்லாமல் உன் பழைய வகுப்பில் நானே போய் நின்றேன். பதினான்கு பிள்ளைகள். நம் சிட்டுவும் இருந்தாள். பன்னிரண்டு வயதாகிவிட்டது; பேச்சு இன்னும் வரவில்லை, ஆனால் கால் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஒரு பிள்ளைக்கு வலிப்பு வந்தது. ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு நிமிர்ந்தால் சிட்டுவைக் காணோம். வெளியே லாரிகள் போகும் சாலை. காவலாளிதான் ஓடிப்போய்த் தூக்கி வந்தார். "அரை நிமிஷம் லேட்டாயிருந்தா போச்சும்மா" என்றார்.

அவளை நாற்காலியில் உட்கார வைத்தேன். எழுந்தாள். மறுபடி உட்கார வைத்தேன். எழுந்தாள். என் கை தானாகத் தோளில் கிடந்த சால்வையை இழுத்தது. இழுத்த பிறகுதான் எதற்கு என்று புரிந்தது. அப்படியே கீழே போட்டுவிட்டேன்.

நீ அன்று அவளை நாற்காலியோடு கட்டிப்போட்டது தவறு. இன்றும் அதைத்தான் சொல்வேன். அவள் மணிக்கட்டில் இருந்த தடத்தைப் பார்த்து, உன்மேல் புகார் எழுதியதற்கு மன்னிப்புக் கேட்கமாட்டேன். ஆனால் அந்தப் புகாரில் ஒன்றை விட்டுவிட்டேன். வகுப்புக்கு ஓர் உதவியாளர் வேண்டும் என்று நீ மூன்று முறை விண்ணப்பம் கொடுத்திருந்தாய். மூன்றும் என் மேசை இழுப்பறையில் கிடந்தன. ஐந்தாவது பள்ளியைத் திறக்கும் மும்முரத்தில், மூன்றின் ஓரத்திலும் 'பார்க்கலாம்' என்று எழுதி வைத்திருக்கிறேன்.

விசாரணையில் நீ அதைப் பற்றி மூச்சுக்கூட விடவில்லை. ஊர் வாயையே அடைப்பவள், அன்று தலையைக் குனிந்துகொண்டு, "ஆமா, நான்தான் கட்டினேன்" என்று மட்டும் சொன்னாய். நான் உன் எதிரே உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

செவ்வாய் மாலை சிட்டுவின் அம்மா வந்தபோது, சாலையில் நடந்ததோடு இந்த விண்ணப்ப விஷயத்தையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலை. "அந்த டீச்சர் பண்ணது தப்புதான். ஆனா என் பொண்ணுக்குத் தானா எடுத்துச் சாப்பிடக் கத்துக் கொடுத்ததும் அவங்கதான். இப்ப நீங்க வேற இதைச் சொல்றீங்க. நான் யாரைத்தாங்க திட்டுறது?" என்று கேட்டார். பையை மாட்டிக்கொண்டு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

வியாழனன்று மூன்று விண்ணப்பங்களையும் நிர்வாகக் குழுவிடம் கொடுத்தேன். தலைவர் படித்துவிட்டு, "முடிஞ்சுபோனதை எதுக்குங்க கிளறுறீங்க? ரிட்டையர் ஆக ரெண்டு வருஷம்தானே இருக்கு" என்றார். இயக்குநர் பதவி வேண்டாம், வகுப்புக்கே அனுப்புங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். வகுப்புக்கு அனுப்புவார்களோ, வீட்டுக்கே அனுப்புவார்களோ தெரியாது. என் வீட்டுக்காரர், "முதல்ல நாலு நாள் தூங்கு, அப்புறம் உலகத்தைத் திருத்தலாம்" என்கிறார். படுத்தால் கண் மூடினால்தானே?

அடுத்த வாரம் குழுவிலிருந்து உன்னைத் தொலைபேசியில் கூப்பிடுவார்கள். உன்னை எனக்குத் தெரியும். உதவியாளர் வேண்டும் என்று ஒரு தடவை கேட்டேனா, இரண்டு தடவை கேட்டேனா, ஞாபகமில்லை என்று மழுப்புவாய். வேண்டாம். நடந்ததை நடந்தபடி சொல். இந்த முறை என்னைக் காப்பாற்றிவிடாதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தோழி,
அந்த உரிமை இன்னும் இருந்தால்.