நாத்தனாரின் பிளாஸ்மா

மார்ச் 4
இன்றும் செல்கள் சாகவில்லை. படித்தவர்கள் நாலு பேர் நுண்ணோக்கியைச் சுற்றி நின்று "ஏன் சாக மாட்டேங்குது?" என்று புலம்புவதை வெளியாள் கேட்டால் போலீஸுக்குப் போன் போடுவார்.

புற்றுநோய்ச் செல்கள்தான். மருந்து அவற்றின் மேல் ஒட்டிக்கொண்டு அடையாளம் காட்டும். ரத்தத்தில் இருக்கிற நிரப்புப் புரதங்கள் வந்து ஓட்டை போட்டுக் கொல்லும். அந்தப் புரதங்களுக்காக எங்கள் ஆய்வகம் பல வருடமாக என் ரத்தத்தைத்தான் எடுக்கிறது. பெயருக்கு டெக்னீஷியன், உண்மையில் கறவை மாடு. "உங்க ரத்தம் மாதிரி வராதும்மா" என்பார் பேராசிரியர்.

மார்ச் 11
பேராசிரியர் குளிர்பெட்டியைச் சந்தேகிக்கிறார்.

மார்ச் 13
குளிர்பெட்டி நிரபராதி. இப்போது தண்ணீரைச் சந்தேகிக்கிறார்.

மார்ச் 19
என்னைச் சந்தேகித்தார். என் ரத்தத்தைச் சோதித்தால், நிரப்புப் புரதம் அடிமட்டத்தில் கிடக்கிறது. "என்னம்மா பண்ணீங்க?" என்றார், நான் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டதைப் போல. பிறகு என் கழுத்தையே பார்த்தார். தொட்டுப் பார்த்தேன். கட்டி.

"கொசு கடிச்சிருக்கும் சார்."

"இவ்ளோ பெரிய கொசுவா?"

ஏப்ரல் 2
நிணநீர்ச் சுரப்பியில் புற்றுநோய். எழுதிப் பார்த்தால் வேறு யாருடையதோ மாதிரி இருக்கிறது. "உங்க உடம்புல இருந்த புரதத்தை இந்த நோயே செலவழிச்சிடுச்சு" என்றார் டாக்டரம்மா.

பேராசிரியருக்குப் போன் செய்தேன். "ஐயோ, அப்போ இதுவரை எடுத்த ரிசல்ட் பூரா தப்பா?" என்றார். உடனே அழுதார். எதற்கு அழுதார் என்று கேட்கவில்லை.

வீட்டுக்காரர் இவரிடம் எப்படிச் சொல்றது— சொல்லிட்டேன். துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். ஒரே சட்டையை உதறிக்கொண்டே நின்றார்.

ஏப்ரல் 20
ஏற்றுவது, நான் இத்தனை வருடம் ஆய்வகத் தட்டில் ஊற்றிய அதே மருந்து. கட்டி கொஞ்சம் இளகியது, அப்படியே நின்றுவிட்டது. அடையாளம் காட்ட மருந்து இருக்கிறது, கொல்லத்தான் ஆளில்லை. அந்தப் புரதம் இருக்கிற அடுத்தவர் பிளாஸ்மாவை ஏற்றிப் பார்க்கலாமாம்.

"நிறைய ஏத்திடுங்களேன் டாக்டர்."

"கூடாதும்மா. சண்டை நீண்டுக்கிட்டே போனா இதே புரதம் கட்சி மாறி, கட்டி வளர இடம் பண்ணிக் குடுத்துடும். அளவாத்தான்."

என் உடம்புக்குள்ளேயும் கட்சித் தாவல்! சிரிச்சேன். அப்புறம் பயம் வந்துடுச்சு. எழுத வரல.

ஏப்ரல் 25
"பிளட் பேங்க்ல இருக்கிற பிளாஸ்மாவே போதும்" என்று டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டும் பேராசிரியர் கேட்கவில்லை. சொந்தபந்தம் எல்லோருடைய ரத்தத்தையும் வாங்கித் தட்டில் போட்டுப் பார்த்தார். என் வீட்டுக்காரருடைய ரத்தத்தில் புற்றுச் செல்கள் சௌக்கியமாக வாழ்ந்தன. மனுஷன் இடிந்துபோனார்.

கொல்வதில் முதலிடம் நாத்தனாருக்கு. இவருடைய அக்கா. எங்கள் மகளின் கல்யாணப் போட்டோவில் அவரைத் தூணுக்குப் பின்னால் நிறுத்தினேனாம். அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சில்லை. தூண் அங்கேதான் இருந்தது, நானா கட்டினேன்?

"அவங்ககிட்டயா? செத்தாலும் கேக்க மாட்டேன்" என்றேன். சொன்ன பிறகுதான் அது என் காதில் விழுந்தது. இவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஏப்ரல் 28
நான் கேட்கவில்லை. அவரே ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

"என் தம்பிக்காகத்தான். உனக்குன்னு நெனச்சுக்காத."

"நெனக்கல அண்ணி."

பச்சைத் திரைக்கு அந்தப் பக்கம் கையை நீட்டிப் படுத்துக்கொண்டு, "எவ்வளவு வேணுமோ எடுங்க நர்ஸம்மா. கொஞ்சத்துக்கெல்லாம் அடங்குற ஆளில்ல இவ" என்றார். போகும்போது என் போர்வையை இழுத்துவிட்டார், கோணலாக. நான் சரிசெய்யவில்லை.

மே 17
கட்டி கரைகிறது. தடவித் தடவிப் பார்க்கிறேன். அண்ணி தெரு முழுக்க, "அவளுக்குள்ள இப்போ நான்தான் சண்டை போட்டுக்கிட்டிருக்கேன்" என்று சொல்லி வருகிறாராம். மறுக்க ஆதாரம் இல்லை.

ஆகஸ்ட் 9
ஸ்கேனில் ஒன்றுமில்லை. இப்போதைக்கு, என்று சேர்த்துச் சொன்னார் டாக்டரம்மா. அந்த வார்த்தையைப் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தால் அண்ணி நாற்காலி மேல் ஏறி நிற்கிறார். கூடத்து ஜன்னலுக்குப் பச்சைத் திரையாம். ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது என்றேன். உனக்கு ரசனையே கிடையாது என்றார். இவர் சமாதானம் பேச வந்தார்.

"நீ சும்மா இரு!"

"நீங்க சும்மா இருங்க!"

இரண்டும் ஒன்றாகக் கிளம்பின. இவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

பொழுது சாயும்வரை சண்டை. அவர் கிளம்புகிறேன் என்று சொல்லவில்லை. எப்போது என்று நானும் கேட்கவில்லை.